வாடையும் சோளகமும் பட்ட குட்செட்: வன்னி நிலையம் ஒன்றுக்கு மொடல் செய்தல்

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் கற்பனையாக ஒரு சிறு நிலையம். காலம் 1965. ரயில் மொடல்களுக்கான டபுள் ஓ ஸ்கேல். அந்த நிலையத்துக்கு ஒரு குட்செட், அதாவது ரயிலில் ஏற்றி இறக்கும் சாமான்களை வைக்கும் கட்டடம், கட்டியிருக்கிறார் கிளிநொச்சித் தம்பி ஒருவர். இங்கிலாந்து மொடல்காரர்களின் படங்களைப் பார்த்து அதைப் பழசாக்கியதும் கட்டடம் இங்கிலாந்துக்கே போய்விட்டது என்கிறார். எங்கே பிசகியது, தகரக் கூரைக்கு எப்படிக் கறள் ஏற்றுவது, கடைசியில் வார்னிஷ் அடிக்க வேண்டுமா என்று மூன்று கேள்வி.

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தில் கைவேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் சுவரின் அடியில் பச்சைப் பாசி, கூரை முழுக்க நிலக்கரிப் புகை, செங்கல்லெல்லாம் ஈரம் ஊறிய கறுப்பு. வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும் ஊரில், ஆலைப்புகைக்கு நடுவில் நின்ற கட்டடத்தின் அழுக்கு அது. வன்னியில் மழை மூன்று நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதிக் காலம் வெய்யில். காற்று பாதி வருஷம் ஒரு பக்கத்திலிருந்தும் மீதி வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். நிலம் செம்மண்ணும் கிரவலும். ஆகவே தூரிகையைத் தொடும் முன் நான்கு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, இது எந்த மாதம், அங்கே என்ன சாமான் ஏறி இறங்கியது, கூரைத் தகரம் எப்போது போட்டது. இவை தெரிந்தால் ஒவ்வொரு கறையும் எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

திசையை முதலில் சொல்கிறேன், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரைக்கும் பாதை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடுகிறது. குட்செட் பாதைக்குச் சமாந்தரமாக நிற்கும். அப்படியானால் நீளச் சுவர் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும், முக்கோணத் தலை வைத்த கட்டைச் சுவர் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்றோடு வரும் மழை கிழக்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் சாய்ந்து அடிக்கும். நீர் வடிந்த கறுப்புக் கோடு, பாசி காய்ந்து கருகிய திட்டு, சுண்ணாம்பு உரிந்த இடம் எல்லாம் அந்தப் பக்கத்துக்கு உரியவை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் வீசும். அது மழை கொண்டுவராது, புழுதி கொண்டுவரும். தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் அதை வாங்கிக்கொள்ளும். பின்னேர வெய்யிலும் மேற்குச் சுவரில்தான் விழும்; அங்கே நிறம் வெளிறும், மரப்பலகை வெடிக்கும், பலகை இடுக்கிலெல்லாம் செம்புழுதி அடையும். உங்கள் மேசையில் பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று பாருங்கள். அது மேற்கு என்றால் கறுப்புக் கோடு அநேகமாக வேண்டியதே இல்லை. ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு ஆயுள் வாழ்ந்தவை போலத் தெரிய வேண்டும்.

அடுத்தது மாதம். 1965 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதில் பங்குனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய மார்கழியில், 1964 டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில், வன்னியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் இறங்கித் தனுஷ்கோடியை அழித்த பெரும் புயல் அடித்தது. வடக்குப் பாதை 1905 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்த நாளிலேயே கட்டிய குட்செட் என்று வைத்தால் புயல் வரும்போது அதற்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. அந்தக் கூரையில் எல்லாத் தகரமும் தப்பியிருக்க வழியில்லை. ஆகவே உங்கள் கூரையில் கறள் பிடித்த பழைய தகரங்களுக்கு நடுவே, வடகிழக்கு மூலைப் பக்கமாக, இரண்டு மூன்று மாதமே ஆன புதுத் தகரம் சில பளபளவென்று கிடக்கலாம். முற்றத்தில் முறிந்த பாலைமரம் ஒன்று, வெட்டி அடுக்கிய கொப்புகள். இதைவிட நல்ல காரணம் ஒரு கூரைத் திட்டுக்குக் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு: மாசி, பங்குனி காலபோக அறுவடை முடிந்து நெல் வெளியே போகும் காலம். வெறும் கட்டடமாக நிற்காமல் குட்செட் வேலை செய்துகொண்டிருக்கும். புல்லும் முழுதாகக் கருகியிராது. அடியில் கொஞ்சம் பச்சை, நுனியில் மஞ்சள்.

சாமான் என்றால் முதலில் நெல்லும் அரிசியும். இரணைமடுக் குளத்தை நம்பிய வயல்கள் வடக்கே இருக்கின்றன. காங்கேசன்துறை ஆலை 1950 இல் உற்பத்தி தொடங்கியபின் சீமெந்துப் பை தெற்கே போகும் வழியில் உங்கள் நிலையத்திலும் சில இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வன்னி மரமும் விறகும் உண்டு, ஆனால் அவை கட்டடத்துக்குள் வரமாட்டா. வெளிமுற்றத்திலேயே அடுக்கிவைத்து ஏற்றப்படும். முதிரைக் குற்றி என்று சொல்லி மஞ்சள் கலந்த வெட்டுமுகம் தெரிய நாலைந்தை அடுக்கினால் போதும், இடம் வன்னிதான் என்று தெரிந்துவிடும்.

இனிக் கட்டடம். இங்கிலாந்துக் கிட்டுகளை வாங்காதீர்கள். அவற்றில் தண்டவாளம் கட்டடத்துக்குள்ளே நுழையும், சுவர் கனமான கல், ஜன்னல் வளைவு. எங்கள் சிறு நிலையங்களுக்கு ஒத்து வருவது வெளியே சைடிங் என்ற பக்கப்பாதை, அதன் பக்கத்தில் உயர்ந்த மேடை, மேடைமேல் எளிய சாந்து பூசிய செங்கல் அறை, இரண்டு பக்கமும் அகலமாக நீளும் தகரக் கூரை. டபுள் ஓவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பதால் கணக்கு சுலபம். 40 அடிக்கு 20 அடி அறை என்றால் 160 மி.மீ. க்கு 80 மி.மீ. மேடை தண்டவாளத் தலையிலிருந்து மூன்றரை அடி, அதாவது 14 மி.மீ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 3 மி.மீ. கனம், போம்போட் என்ற நுரைமட்டை அதே கனத்தில் கிடைக்கிறது, கதவு வாசலில் அந்தக் கனம் தெரியும். மேடையிலிருந்து சுவர் 13 அடி, 52 மி.மீ. கூரைச் சாய்வு 22 முதல் 25 பாகைக்குள். இரண்டு பக்கமும் ஆறடி நீட்டம் கொடுத்தால் கூரை விளிம்பு கிட்டத்தட்ட மேடை விளிம்பு வரைக்கும் வரும். ஒட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக அகலமான பெட்டியையும் மிக உயரமான எஞ்சினையும் அந்தச் சைடிங்கில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். புத்தக அளவைவிட அந்தச் சோதனை நம்பகமானது.

மட்டை, போம்போட் எதுவானாலும் இரண்டு பக்கமும் பெயின்ற் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மாரிக்காற்றின் ஈரத்தில் சுவர் வளைந்துவிடும். உள்ளே குறுக்குத் தடுப்பு இரண்டு வையுங்கள்.

கூரை நீட்டத்தைத் தாங்கும் தூண்களுக்குப் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டதாகக் காட்டலாம். தேய்ந்த தண்டவாளத்தை ரயில்வே எங்கும் வீணாக்குவதில்லை. தூண், வேலி, முட்டு என்று அது பிறகும் உழைக்கும். கோட் 55 என்று விற்கும் சின்னத் தண்டவாளம் சுமார் 1.4 மி.மீ. உயரம், உங்கள் ஸ்கேலில் அது நாலேகால் அங்குலம், ஒரு பழைய இலேசான தண்டவாளத்துக்குச் சரியாக வரும். தூணின் மேல் கைமரம், அதன்மேல் குறுக்கே வளை. இவற்றை ஒழுங்காகச் செய்யுங்கள். மேசையில் வைத்த மொடலைப் பெரும்பாலும் மேலிருந்து பார்க்கிறோம் என்றாலும், படம் எடுக்கும்போது கமரா மேடை உயரத்துக்கு இறங்கும், அப்போது கூரையின் அடிப்பக்கம்தான் முகத்தில் அடிக்கும்.

கூரைத் தகரத்துக்கு வருகிறேன். இந்த மொடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அலைத்தகரத்தில் அலைக்கு அலை மூன்று அங்குலம் என்பது பொதுவான அளவு. உங்கள் ஸ்கேலில் சரியாக 1 மி.மீ. அதே இடைவெளியில் பிளாஸ்ரிக் சீற் வெளிநாட்டில் கிடைக்கிறது, ஆனால் அது ஒரே துண்டாக, விளிம்பு தடிப்பாக இருக்கும். எனக்குப் பிடித்தது அலுமினியத் தாளில் தகரம் தகரமாகச் செய்வது. கேக், சாப்பாடு வைத்து விற்கும் அலுமினியத் தட்டின் அடித்தாள் போதும். ஹாட்வெயார் கடையில் 6 மி.மீ. போல்ட் ஒன்று வாங்குங்கள், நீளமாக மரை வெட்டியது. சாதாரண 6 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. தான். வாங்கும்போது அளவுகோலை வைத்து 10 மி.மீ. க்குள் பத்து மரை இருக்கிறதா என்று எண்ணுங்கள். கால் அங்குலப் போல்ட் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மரை அகலம். தாளை ஒரு பழைய மவுஸ்பாட்மேல் வைத்து, போல்ட்டை அழுத்தி உருட்டினால் அலை விழும். மரை சுற்றிச் சாய்ந்து போவதால் அலையும் உருட்டிய திசைக்கு மூன்று பாகை அளவில் சரிந்துதான் விழும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தகரத்தை வெட்டும்போது தாளின் விளிம்பைப் பார்க்காமல் அலையைப் பார்த்து மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள்.

ஒரு பக்கச் சாய்வு சுமார் 70 மி.மீ. வரும். ஒன்பது அடித் தகரம் 36 மி.மீ.; இரண்டு வரிசை, நடுவில் ஆறு அங்குல மேற்படிவுக்கு 2 மி.மீ. கணக்குச் சரியாக விழுகிறது. அகலம் 8, 9 மி.மீ. கீழ் வரிசையை முதலில் ஒட்டுங்கள், அதன்மேல் மேல் வரிசை, கடைசியாக முகடு. பக்க மேற்படிவில் தெற்கிலிருந்து வடக்காகவோ வடக்கிலிருந்து தெற்காகவோ ஒரே ஒழுங்கில் போங்கள். விளிம்பு நூல் பிடித்தது போல நேராக நிற்கத் தேவையில்லை. ஒரு தகரம் அரை மி.மீ. தாழ்ந்தால் நல்லது. ஆணி எப்போதும் அலையின் மேட்டில்தான் அடிக்கப்படும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். வளை எங்கே ஓடுகிறதோ அங்கே ஒரு வரிசை ஆணி. ஒட்டுவதற்கு முன் தாளின் பின்பக்கம் இருந்து ஊசியால் மெல்லக் குத்தினால் முன்னே ஒரு குமிழ் எழும், அது போதும்.

கறள் எங்கிருந்து தொடங்கும் என்று யோசியுங்கள். நாகப்பூச்சு இருக்கும்வரை இரும்பு பிழைக்கும். பூச்சு முதலில் போவது வெட்டிய விளிம்பில், ஆணித் துளையில், ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடத்தில். படிந்த இடுக்கில் மழைநீர் தங்கும், மேலே வெய்யில் காய்ந்தாலும் உள்ளே காயாது. ஆகவே கறள் மேற்படிவுக் கோட்டிலிருந்து கீழ்நோக்கிப் பரவும், ஆணியிலிருந்து அலைப் பள்ளத்துக்கு இறங்கிக் கோடாக ஓடும். தகரத்தின் நட்டநடுவில் வட்டமாக ஒரு கறள் திட்டு, காரணமே இல்லாமல், பல மொடல்களில் பார்க்கிறேன். கண்ணுக்கு உடனே பொய் என்று தெரிகிறது. நிறத்திலும் ஒழுங்கு உண்டு: பழைய கறள் கடுங்கபிலம், புதிய கறள் செம்மஞ்சள். திட்டின் நடு இருண்டும் பரவும் விளிம்பு மெல்லிய செம்மஞ்சளாகவும் இருக்க வேண்டும். செம்மஞ்சளை அள்ளிப் பூசினால் கூரை விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

செய்முறை இது. தாளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாம்பல் நிறப் பிரைமர் அடியுங்கள். அதன்மேல் கடுங்கபில அக்ரிலிக், அதில் அங்கங்கே செங்கபிலம். நன்றாகக் காய்ந்ததும் ஒரு கை மங்கல் வார்னிஷ். பிறகு கறள் தெரிய வேண்டிய இடங்களை மட்டும் ஈரத் தூரிகையால் தொட்டு உப்பைத் தூவுங்கள். சமையல் கல்லுப்பைக் குத்தி, பொடியும் குறுணியும் கலந்தாற்போல எடுத்தால் திட்டுகள் ஒரே அளவில் வராது. ஈரம் காய்ந்ததும் பழைய தகரத்தின் வெளிறிய சாம்பல் நிறத்தை மேலே இலேசாக ஸ்ப்ரே பண்ணுங்கள். காய்ந்தபின் பழைய பல்தூரிகையால் உப்பை உரசித் தள்ளினால் அடியிலிருக்கும் கறள் வெளியே வரும், ஓரம் இயற்கையாகவே கிழிந்தாற்போல இருக்கும். கடைசியில் தண்ணீராகக் கரைத்த செங்கபிலத்தால் ஆணிகளிலிருந்து கீழே ஓடும் கோடுகள். எல்லா ஆணியிலும் வேண்டாம். புயலுக்குப் பிறகு மாற்றிய தகரங்களைத் தனியாக, கறள் இல்லாமல், நீலம் கலந்த வெள்ளிச் சாம்பலில் செய்து ஒட்டுங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் மழையும் வெய்யிலும் படாது. அங்கே சாம்பல் நிறமே அதிகம், மேற்படிவுக் கோடு மட்டும் கபிலம்.

ஆனையிறவுக் கடற்கழிப் பக்கம் நிலையம் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். உப்புக்காற்றில் தகரம் ஓட்டை விழும் அளவுக்கு அரித்துப் போகும், விளிம்பு பல்லுப்பல்லாக உதிரும். உங்கள் நிலையம் உள்நாட்டில் இருக்கிறது. ஆகவே கறள் இருக்கட்டும், ஓட்டை வேண்டாம்.

கரியைப் பற்றியும் சொல்லவேண்டும். டீசல் எஞ்சின்கள் 1950களிலேயே வந்துவிட்டன, 1956 இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது, 1965 இல் நீராவி எஞ்சின்களும் இன்னும் போய்விடவில்லை. ஆனால் இப்படி ஒரு சிறு நிலையத்தில் எஞ்சின் குட்செட் பக்கத்தில் நின்று புகைப்பது கொஞ்ச நேரம்தான், அதுவும் திறந்தவெளியில். எஞ்சின் நிற்கும் முனையில் கூரை விளிம்பின்கீழ் மட்டும் ஒரு மங்கல் கறுப்பு போதும்.

சுவரில் நான் முதலில் செய்யச் சொல்வது செம்மண் தெறிப்பு. வன்னிக் கட்டடம் என்று கண்டுகொள்வது அதில்தான். பீலி இல்லாத கூரையிலிருந்து மழைநீர் நேராக நிலத்தில் விழும், செம்மண்ணை வாரிச் சுவரில் அடிக்கும். மேடைச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க அந்தச் சிவப்பு ஏறியிருக்கும். இரண்டடி உயரம் வரைக்கும், அதாவது 8 மி.மீ.; அடியில் அடர்த்தி, மேலே போகப் போகப் புள்ளி புள்ளியாகக் கரைந்துவிடும். பழைய பல்தூரிகையில் செங்காவிப் பெயின்றைத் தொட்டு, கீழிருந்து மேலாக விரலால் தெறிக்கவிடுங்கள். மேல்பகுதியை ஒரு கடதாசியால் மறைத்துக்கொள்ளுங்கள். தூரிகையால் பட்டையாகப் பூசினால் அது தெறிப்பாகத் தெரியாது, யாரோ கோடு கீறியது போல இருக்கும்.

மேலே அறைச் சுவரில் நிலைமை வேறு. ஆறடிக் கூரை நீட்டம் இருப்பதால் உச்சிவெய்யில் சுவரின் மேற்பாதியைத் தொடாது. அங்கே சுண்ணாம்பின் பழைய நிறமே நிற்கும், கொஞ்சம் ஒட்டறை, கொஞ்சம் குளவிக்கூட்டு மண். கீழ்ப்பாதி வெளிறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மாற்றம். பூசிய சாந்து விழுந்த இடத்தைக் காட்ட ஆசையிருந்தால், சுவரில் மெல்லிய பட்டி பூசி, காய்ந்தபின் ஓரிடத்தில் உரித்து, உள்ளே ஊசியால் செங்கல் கீறுங்கள்; கல்லின் நீளம் 3 மி.மீ., வரிசை 1 மி.மீ. விழும் இடம் இரண்டு: ஈரம் ஏறும் அடிப்பகுதியும் வெளிமூலையும். வண்டில் திரும்பும் மூலையில் சில்லின் குடம் இடித்து இடித்து ஒரு பள்ளமே விழும். வண்டில் சில்லு ஐந்தடி விட்டம் என்று எடுத்தால் குடம் இரண்டரை அடி உயரத்தில் வரும், 10 மி.மீ.

மனிதர் விட்ட தடங்களை மறந்துவிடாதீர்கள். மூட்டை சுமப்பவரின் தோளும் சாக்கும் உரசி, கதவு நிலை நெஞ்சு உயரத்திலிருந்து தலை உயரம் வரைக்கும் கறுத்து மினுங்கும். புதுத் தகரத்தைத் தவிர இந்தக் கட்டடத்திலேயே மினுக்கம் இருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான், மற்றதெல்லாம் மங்கல். கதவுப் பக்கத்துச் சுவரில் மூட்டைக் கணக்குச் சோக்குக் கோடுகள், நாலு குத்துக்கோடும் ஒரு குறுக்குக்கோடுமாக. மேடை மூலையில் வெற்றிலைச் சாறு துப்பிய காய்ந்த செங்கபிலம். நெல் கொட்டுண்ட இடத்தில் மேடை வெடிப்புக்குள் பொன்மஞ்சள் தூள். சீமெந்துப் பை வைத்த மூலையில் சாம்பல் வெள்ளை. கைவண்டில் போய் வந்த நடுத்தடம் தேய்ந்து வெளிறியிருக்கும். தினமும் அங்கே உழைத்தவர்களை நினைத்துக்கொண்டு இவற்றை வையுங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செய்த வேலையின் அடையாளம். அந்த நினைப்போடு வைத்தால் அளவு மிஞ்சாது. வவுனியாவில் குட்செட் வீதி என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடங்கள் இவை.

பலகைக் கதவுக்கும் சிலிப்பர் கட்டைக்கும் மிக நல்லது மை கலந்த ஸ்பிரிட். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சிறு போத்தல், அதில் இந்தியன் இங்க் சில துளி. பூசினால் பலகை இடுக்கில் மட்டும் இருள் இறங்கும். போதவில்லை என்றால் காய்ந்தபின் இன்னொரு கை. ஒரேயடியாக அடர்த்தியாகக் கலக்காதீர்கள்.

நிலத்துக்கு ஊர்க் கிரவலே போதும், ஆனால் மூன்று வேலை உண்டு. நைலோன் துணியில் அரித்து மாவாக எடுங்கள். அடுப்பில் வறுத்துப் பூச்சியையும் பூஞ்சணத்தையும் கொல்லுங்கள். பிறகு ஒரு பலமான காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதன்மேல் பலமுறை ஓட்டுங்கள். எங்கள் சிவந்த மண்ணில் இரும்புத் துணிக்கை நிறைய. அது எஞ்சின் மோட்டரின் காந்தத்தில் போய் ஒட்டினால் எஞ்சின் முடிந்தது. பைண்டர் கம்மைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும்போது மண் கறுத்துவிடும், காய்ந்தாலும் பழைய நிறத்துக்கு முழுதாகத் திரும்பாது. அதனால் கடைசியில் உலர்ந்த மண்தூளை மேலே ஒருமுறை தூவித் தட்டிவிடுங்கள், அல்லது வெள்ளைச் சோக்குத் தூள் சிறிது கலந்து நிறத்தை ஏற்றுங்கள். சிறிய அளவில் எந்த நிறமும் இருண்டுதான் தெரியும், கொஞ்சம் வெளிறவிடுவதே சரி. கூரை விளிம்புக்கு நேர்கீழே நிலத்தில் ஒரு நீண்ட சொட்டுப் பள்ளம் கீறி, அதில் மண் கழுவுண்டு போன சிறு கற்களை மட்டும் வையுங்கள். வண்டில் தடம் இரண்டு. தண்டவாளத்தின் வெளிப்பக்கமாக, பெட்டிகள் வழக்கமாக நிற்கும் இடத்தில், அச்சுப்பெட்டி எண்ணெய் சொட்டிய கறுப்பு. எருக்கலைச் செடி ஒன்றிரண்டு, மேடைக்குப் பின்னால் ஆவரசு.

சைடிங்கில் மண் சிலிப்பர் கட்டையை மூடும் அளவுக்கு ஏறியிருக்கட்டும். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இலங்கைப் பாதையின் அகலம் ஐந்தரை அடி, 1676 மி.மீ.; டபுள் ஓவில் அது 22 மி.மீ. ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. பாதை ஒடுங்கித் தெரிவது சிலிப்பர் கட்டையின் நீளத்தாலும் இடைவெளியாலும்தான் கண்ணில் குத்துகிறது. கட்டை மண்ணுக்குள் போய்விட்டால் அந்தக் குறை பாதியாகக் குறையும்.

கடிதத்தின் நடுவில், பிறகு இதே கட்டடத்தைப் போருக்குப் பிந்திய இடிபாடாகவும் செய்யலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். செய்யலாம். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்களுக்குப் போயின. 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது. ஆனால் அதை இந்த மொடலின் இன்னொரு நிறமாக நினைக்காதீர்கள். கூரையில்லாத சுவருக்குள் மழை நேராக விழும், பாசியும் கறுப்பும் உட்பக்கம் வரும், சுவர்த் தலையில் ஆலங்கன்று முளைக்கும், சைடிங் இருந்த இடத்தில் வெறும் மேடு மட்டும் இருக்கும். சன்னம் பட்ட துளைகளை அழகுக்காகப் போட வேண்டாம். போடுவதென்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கண்ட சுவர் எப்படி நின்றதோ அப்படிச் செய்யுங்கள்.

இனி வார்னிஷ். கூரைக்கும் சுவருக்கும் மங்கல் வார்னிஷ் அடியுங்கள், கை படும் இடங்கள் அவை. சோக்குத் தூளோ மண்தூளோ தூவிய இடத்தில் வார்னிஷ் பட்டால் பாதித் தூள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூவிவிட்டு அடிக்க வேண்டும், அல்லது வார்னிஷ் காய்ந்தபின் கடைசித் தூளைப் போட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். நான் நிலத்துக்கு அடிப்பதேயில்லை. மை கலந்த ஸ்பிரிட்டை மங்கல் வார்னிஷ்மேல் பூசினால் சில வார்னிஷ் வெள்ளையாகப் பூக்கும். அதனால் ஸ்பிரிட் வேலை எல்லாம் முன்னால் முடியட்டும். மேற்குப் பக்கத்துக் கதவில் மட்டும் வெய்யிலில் வெளிறிய மரத்துக்காக வேண்டுமென்றே அதைச் செய்து பார்க்கலாம், முதலில் ஒரு கழிவுத் துண்டில். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தாலும் அதே வெள்ளைப் பூப்பு வரும். கார்த்திகை, மார்கழியில் மட்டையை வெட்டுங்கள், தகரத்தை உருட்டுங்கள். ஸ்ப்ரே வேலையை மாசிக்குப் பிறகு, காற்று காய்ந்த ஒரு காலையில், சோளகம் புழுதி கிளப்பத் தொடங்குவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.